சல்லடைக்கு நாக்கு கிடையாது

மாதக் கடைசிச் சனிக்கிழமை
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலத்துக்கு வருகிறேன்.
பர்ஸில் இரண்டாயிரம்.
அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும்
கேஸ் சிலிண்டர் என்னோடு பேசாது.

ஐந்து ரோட்டுப் பக்கம் எலைட் கடை.
ஏசி ஓடுகிறது, மனமில்லாமல்.
பீர் வரிசையில் நிற்கும் ஆண்கள்
பார்க்காத மாதிரி பார்க்கிறார்கள்.
பிரெஞ்சு ஒயின் எங்கே என்றால்
தணிகைவேல் கண்மட்டத்துத் தட்டைக் காட்டுகிறான்:
பொன்னெழுத்து, ஒரு கோட்டை,
கோட்டைக்கு முன்னால் குதிரை.
"கிஃப்ட்டுக்கு எல்லாரும் இதான் மேடம் வாங்குவாங்க."
ஆறாயிரத்துச் சொச்சம்.
வாங்குகிறவர் குடிப்பதில்லை,
குடிக்கிறவர் விலை கேட்பதில்லை.
நான் இரண்டும் செய்கிறவள்.

காப்பி ருசிப்பது என் வேலை.
ஏற்காட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில்
பதினோரு வருடமாக
உறிஞ்சுகிறேன், துப்புகிறேன்.
சல்லடையில் தங்கும் பெரிய கொட்டை ஏ கிரேடு.
விழுந்தது பி. அதற்கும் கீழே சி.
கப்பலேறுவது ஏ.
போன தை மாதம் நாகலூர்ச் சரிவிலிருந்து வந்த
ஒரு சி மூட்டை
ஆரஞ்சுத் தோலும் வெல்லமுமாக
மதியச் சாப்பாடு வரைக்கும் நாக்கில் நின்றது.
ரிப்போர்ட்டில் எழுதினேன்.
மேனேஜர் விலையை மாற்றவில்லை.
சல்லடைக்கு நாக்கு கிடையாது.

அதனால் குனிகிறேன்.

கடைசித் தட்டு, படிக்கட்டு ஏணிக்குப் பின்னால்.
டியூப்லைட் எட்டாத இருட்டு நல்லது.
கழுத்தை விரலால் தடவுகிறேன்:
கார்க் மேலே எம்பியிருந்தால்
அது சித்திரை வெயிலைக் குடித்த பாட்டில்.
புரட்டாசியில் அப்படி ஒன்றில் ஏமாந்தேன்.
திறந்ததும் சுத்தமான வினிகர்.
பன்றிக்கறியில் ஊற்றி வதக்கினோம்,
கறி நன்றாகத்தான் இருந்தது,
ஆனால் அவ்வளவு விலைக்கு
அது பிரெஞ்சிலாவது பேசியிருக்க வேண்டும்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது.
லாரி டிரைவருக்கு அடுத்த மாநிலத்து மைல்கல்
தெரிகிற அளவுக்கு
ஆறேழு வார்த்தை.
முன்பக்கப் படத்தைப் படிப்பதில்லை.
யார் அடைத்தது, எங்கே அடைத்தது என்று
அடியில் எறும்பெழுத்தில் ஒரு வரி இருக்கும்.
திராட்சை விளைந்த தோட்டத்திலேயே அடைத்திருந்தால்
தப்புக்குப் பொறுப்பேற்க ஒரு ஆள் உண்டு.
மற்றபடி, பெரிய ஊர்களின் பெயரைத் தாண்டிப்
போக வேண்டும்;
வாடகை குறைந்த தெருக்களில்தான்
சமையல் வாசனை நன்றாக வரும்.

கோர்பியேர்.
தெற்குப் பக்கம், கல்லாங்காடு என்று கேள்வி.
கோட்டையும் இல்லை, குதிரையும் இல்லை.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
தணிகைவேல் தூசி தட்டுகிறான்.
"இது ஓடவே ஓடாது மேடம்."
"தெரியுது. இன்னொண்ணு இருக்கா,
அடுத்த மாசத்துக்கு?"

பஸ்ஸில் ஈரத்துண்டு சுற்றி மடியில் வைத்திருக்கிறேன்.
பக்கத்து சீட்டு அம்மாள்
செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு வாங்கித் திரும்புகிறவர்.
"நல்லெண்ணெயா?"
"ஆமாங்க."
"என்ன விலை சொன்னான்?"
சொன்னேன்.
பதினாலாவது வளைவு வரைக்கும்
அவர் வாயே திறக்கவில்லை.
பிறகு குளிர்காற்று வந்து
ஜன்னலை இறக்கச் சொன்னார்.

ராத்திரி, நானும் எமல்டாவும்.
வைன் கிளாஸ் இல்லை,
காப்பி ருசிக்கும் வெள்ளைக் கிண்ணம்.
முதலில் மிளகு,
சில்வர் ஓக்கில் ஏறிய பச்சைக் கொடியைக் கிள்ளினாற்போல.
அப்புறம் ஏதோ தெரிந்த வாசனை.
பிடிபட நேரமானது:
ஜங்ஷன் தாண்டி, வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம்
கொதித்த பாறைமேல்
முதல் தூறல் விழும்போது வருமே, அது.
கடல் தாண்டி ஒரு சரிவில்
அதே வெயில் யாரையோ வாட்டியிருக்கிறது.

பழக்க தோஷம், வாயில் சுழற்றிக்கொண்டே
தொட்டிப் பக்கம் திரும்பினேன்.
எமல்டா மணிக்கட்டைப் பிடித்தாள்.
"துப்பின, கொன்னுடுவேன்.
ஒரு வாய் நூறு ரூபா."